அங்கி முறி வாசலில் ஒரு ஜோடி செருப்பு

அந்தக் கல்லூரி ஆலயத்தைப் பேரழகு என்று சொல்ல முடியாது. சன்னல்களின் கூர்வளைவு வெள்ளைக்காரர் பாணி. மழைக்குத் தாழ இறங்கும் ஓட்டுக்கூரை நம்மூர்ப் பாணி. இரண்டும் சண்டையில்லாமல் ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். தெற்குச் சுவரில் மட்டும் ஓர் அறை புடைத்து நிற்கும். போதகர் அங்கி மாற்றுவதற்காக, கல்லூரியில் பெண்கள் படிக்காத காலத்தில் கட்டியது; அங்கி முறி என்பார்கள்.

சுசீந்திரத்திலிருந்து பேருந்தில் வரும் வணிகவியல் ஆசிரியை லட்சுமிப்ரியாவுக்கு அந்த அறையைத் திறந்துவிட்டவர், ஆலயம் பெருக்கும் பெண்மணி செல்லபாய்.

“என் பொன்னு டீச்சரே, கக்கூஸுல நின்னா பிள்ளைக்குப் பால் எடுக்கிய? அங்கி முறி சும்மாத்தான கெடக்கு, வாருங்க.”

அன்றுமுதல் லட்சுமிப்ரியா மதிய இடைவேளையில் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, கைக்குழந்தைக்கான பாலைப் புட்டியில் எடுத்துவைப்பாள். அந்த அறை இல்லையென்றால் வேலையை விடவேண்டும், அல்லது தாய்ப்பாலை நிறுத்தவேண்டும். செல்லபாயைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தாள். ஆனால், எல்லோரும் காலணியோடு ஏறுகிற அந்த ஆலயத்தில், தாணுமாலயன் கோயிலுக்குப் போய்ப் பழகிய அவள் மட்டும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டே நுழைவாள்.

ஆலயத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேசக் கல்லூரி ஊழியர் எல்லோரையும் அழைத்த கூட்டத்தில் பொறியாளர் சிஜின் வரைபடத்தை விரித்தார்.

“இந்த முறி மட்டும் ஒரு சைடுல தள்ளிக்கிட்டு நிக்குது. இடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும். யாரு இத யூஸ் பண்ணுதாவ?”

லட்சுமிப்ரியா எழுந்தாள்.

“நான் சார்.”

“நீங்களா? எதுக்கு டீச்சர்?”

அத்தனை ஆண்கள் நடுவே நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள். “வீட்டுல கைப்பிள்ளை இருக்கு சார். அதுக்குப் பால் எடுத்து வைக்கதுக்கு.”

 ஊரார் ஐயர் என்றழைக்கும் போதகர் ஏசுஅடிமை தொண்டையைச் செருமினார்.

“வாசல்ல செருப்பு கெடந்தா நான் உள்ள போறதில்ல. மத்தியான செபத்துக்குப் பலநாள் அங்கி இல்லாமத்தான் நின்னேன். கர்த்தர் ஒண்ணும் சொல்லேல்ல.” சிஜின் பக்கம் திரும்பினார். “எனக்க அங்கிய மாட்ட ஒரு ஆணி போரும். முறி நிக்கட்டும்.”

“அதான பாத்தேன்!” என்றார் பின்னால் நின்ற செல்லபாய். “ஐயரு அங்கியத் தொலச்சிட்டாருன்னுல்லா ஊரு பேசிச்சு!”

சிரிப்பில் கூட்டம் இளகியது. சிஜினும் சிரித்தபடி அந்த அறைமேல் போட்டிருந்த பெருக்கல் குறியை அழித்தார்.

லட்சுமிப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாத்திய கதவுக்கு அப்பால் ஒருவர் செருப்பைப் பார்த்துத் திரும்பி நடந்த மதியங்களை நினைத்தாள். எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அங்கி, ஆலயத்துக்குள் ஒரு புது ஆணியில் தொங்கியது. அவள் செருப்பைக் கழற்றி, தூரத்திலிருந்தே தெரியும்படி வாசல் நடுவில் வைத்தாள்.