தொப்புளுக்குக் கீழே கறுத்த தோல்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், தொப்புளுக்குக் கீழே தையலோரமாகத் தோல் கறுத்தது. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். "நார்மல்தான், பயப்படாதீங்க" என்று உடனே பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பல வருடம் பாடுபட்டு உடம்பைக் குறைத்தவள் நான். எடை போனது, வயிற்றுத் தோல் மட்டும் மடிந்து தொங்கியது. கோடையில் மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும். அந்தத் தோலை வெட்டியெடுத்து இழுத்துத் தைக்கிற ஆபரேஷனை அம்பத்தூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் செய்துகொண்டேன். கணவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம். அழகுக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டாள் என்ற பேச்சைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

என்னைப் பார்த்துக்கொள்ள, கணவரின் அக்கா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்து கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டோடு தங்கியிருந்தார். மீன், முட்டை, பருப்பு எதையும் கண்ணில் காட்டவில்லை. "அதெல்லாம் துன்னா சீழ் வெச்சிக்கும்மா" என்று சொல்லிக் கஞ்சியும் ரசமும்தான் கொடுத்தார்.

கறுத்த இடம் பிளந்து நீர் கசிந்தது. பிறகு வாடையும் வந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டு மாற்றுவேன். வெளியே அக்கா நின்று கேட்கிறார் என்றே தோன்றும். டாக்டர் மீதும் சந்தேகம் வளர்ந்தது. பஞ்சையோ துணியையோ உள்ளே வைத்துத் தைத்துவிட்டார், அதை மறைக்கத்தான் நார்மல் என்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கணவரும் வாடை பிடித்த அன்று, "வேற டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

கொரட்டூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ஆட்டோவில் அக்காவும் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, செத்துப்போன சதையை வெட்டி நீக்கினார்.

"உள்ள ஏதாவது வெச்சுத் தெச்சிட்டாங்களா டாக்டர்?"

"ஒண்ணும் இல்லம்மா. இழுத்துத் தெச்ச இடத்துக்கு ரத்தம் சரியா போகல. சில பேருக்கு இப்படி ஆகும். ஆனா முன்னாடியே யாராவது நேர்ல பார்த்திருக்கணும்."

ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் காட்டிக்கொடுப்பாரா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சி."

"வெறும் கஞ்சியில புண் எப்படிம்மா ஆறும்? முட்டை, மீன், பருப்பு தினமும் சாப்பிடணும்."

அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தார்.

"குடலெறக்கத்துக்கு இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரிக்கும் கட்டு போடுவாங்களா? வந்த அன்னிக்கே தெரியும்மா எனக்கு."

"அப்போ ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப? இன்னொரு பொய் சொல்லியிருப்ப."

எனக்கு முகம் எரிந்தது. கணவர் ஆட்டோவுக்கு வெளியே ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை தட்டில் அவித்த முட்டைகள் இருந்தன. "அந்த டாக்டரம்மா மேலயும் எனக்கு நம்பிக்க இல்ல. சீழ் வெச்சா என்னைக் கேக்காத. துன்னு" என்றார். நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று முதல் நான் கதவைத் தாழிடவில்லை. கட்டு மாற்றும்போது டார்ச் பிடித்தவர் அவர்தான்.

புண்ணின் அடியிலிருந்து சதை வளர்ந்து மூட மாதக்கணக்கானது. தோல் செத்ததற்குத் தையல் காரணமா, கஞ்சி காரணமா, என் உடம்பே காரணமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூடிய பிறகும் வெகுநாள், குளிக்கப் போகும்முன் தழும்பில் விழுந்த குழியைத் தொட்டு விரலை முகர்ந்து பார்ப்பேன். சோப்பு வாசனை மட்டும் வந்தால்கூட, இன்னொரு தடவை முகர்ந்து பார்ப்பேன்.