வளைவு அறுக்கும் ரம்பம்

எங்கள் வீட்டில் புதிதாக எந்த மெஷின் வந்தாலும், அதன் மேல் நானும் மனைவியும் கை வைத்து ஜெபம் செய்யாமல் சுவிட்சைப் போட மாட்டோம். கிரைண்டருக்கும் ஜெபம், ஸ்கூட்டருக்கும் ஜெபம். வாஷிங் மெஷின் பொருத்த வந்தவர், ஆமென் சொல்லும்வரை ஸ்குரூடிரைவரோடு நின்றிருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு பொறுமை கிடையாது. ஜெபம் மனைவியுடையது, கை மட்டும் என்னுடையது என்று கேலி செய்வேன்.

அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதவி உயர்வோடு தெற்கே ஒரு கடலோர ஊருக்கு மாற்றல் வந்தபோது, ஒரு வருஷம்தானே என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். நான் தாம்பரம் பக்கத்துச் சேலையூர் வீட்டில், அவள் அங்கே வாடகை அறையில். வருஷம் தாண்டியும் இங்கே திரும்ப வழி பிறக்கவில்லை. வாராவாரம் வந்துகொண்டிருந்தவள் மாதத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தாள். சனிக்கிழமை வந்து இறங்கி, ஞாயிறு மதியமே பையைத் தூக்கிவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களை நான் அடியோடு வெறுத்தேன்.

மரவேலை ஆசை அந்தத் தனிமையில்தான் தொற்றிக்கொண்டது. யாராவது பலகை அறுப்பதைப் போனில் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். வட்ட ரம்பத்தின் மேல்தான் எனக்குக் கண். முழுப் பிளைவுட்டையும் ஒரே தள்ளில் இரண்டாக்கும் அந்த மிடுக்கு யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவள் கேட்டது வேறு. நாற்காலியில் சாய்ந்து, மடியில் வைத்து விடைத்தாள் திருத்துவாள். தாள்கள் நழுவிக்கொண்டே இருக்கும்.

"நாற்காலிக் கை ரெண்டுக்கும் குறுக்க ஒரு பலகை போட்டுக் குடுங்களேன். வயித்துப் பக்கம் கொஞ்சம் வளைச்சு வெட்டினா நல்லா இருக்கும்" என்றாள் ஒருமுறை.

அந்தப் பலகை இங்கே இருந்தால் அவள் அடிக்கடி வருவாள் என்று என் மனம் எப்படியோ முடிவு கட்டிவிட்டது. சிரிக்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

தாம்பரம் மேற்கில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ரம்பம் என்று கேட்டதும் கடைக்காரர் டைல்ஸ் அறுக்கும் கட்டரை எடுத்து வைத்தார்.

"இத்த எடுத்துக்க சார். மர பிளேடு மாட்டிக்கினா பலகையும் அறுக்கும், டைல்ஸும் அறுக்கும். நம்ம ஏரியால எல்லாரும் இத்தான் வச்சிக்கினுகீறாங்க."

"பிளேடை மூடற கவர் தானா கீழ இறங்கலையே?"

"அதெல்லாம் பழகிடும் சார்."

பழகும்வரை விரல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு, வட்ட ரம்பத்தைக் கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தேன். அதற்குக் கவர் ஒழுங்காக இறங்கியது. கனமும் கைக்குப் பொருந்தியது. கீழே வைக்க மனமே வரவில்லை. ஆனால் அது நேர்க்கோட்டில்தான் போகும். வயிற்றுக்கு வளைவு வெட்ட, மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும் ஜிக்சாதான் வேண்டும். பார்க்க இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது, வீரமே இல்லாத மெஷின். முதன்முதலாக அறுக்கப் போகிறவனுக்கு அந்த நிதானம் நல்லதுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அதையும் ஒரு பலகையையும் வாங்கினேன். பலகையை மேசையோடு இறுக்கும் கிளாம்பையும் உப்புத்தாளையும் கடைக்காரர் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

பெட்டியைப் பிரிக்காமல் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்தேன். ஜெபம் செய்ய அவள் வர வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் என்றாள், பிறகு பயிற்சி வகுப்பு, அதன்பின் தேர்வு வேலை. நான் கேலி செய்த ஜெபத்துக்காக நானே காத்துக் கிடந்தேன்.

"போன்லயே ஜெபம் பண்ணிடட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"வேணாம். கை வைக்கணும்ல" என்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கைதான். இத்தனை வருஷ மனைவியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் பெட்டியையும், போர்வையில் சுற்றிய பலகையையும் தூக்கிக்கொண்டு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை கதவைத் திறந்தவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதையுமா தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மெஷின் மேல் அவள் கை, அதன் மேல் என் கை. ஆண்டவரே, இவர் விரலெல்லாம் பத்திரமா இருக்கட்டும் என்று ஜெபித்தாள். முதன்முறையாக, இவ்வளவு சீக்கிரம் ஆமென் சொல்லிவிட்டாளே என்றிருந்தது.

பிறகு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பலகையை வயிற்றருகே பிடித்துப் பென்சிலால் கோடு போட்டேன். "அளவு எடுத்தாச்சு. வீட்டுக்குப் போய் அறுத்து வைக்கிறேன். அடுத்த தடவை நீ வரும்போது ரெடியா இருக்கும்" என்றேன்.

அவள் பென்சில் கோட்டை விரலால் தடவினாள்.

"இங்கயே அறுத்துக் குடுத்துடுங்களேன். பேப்பர் எல்லாம் இங்கதானே திருத்துறேன்."

அங்கேயே அறுத்தேன். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, கோட்டை விட்டு விலகாமல் மெதுவாக மெஷினைத் தள்ளினேன். முதல் அறுப்பு என்று யாரும் சொல்ல முடியாதபடி வளைவு வந்தது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்ததும், நாற்காலிக் கைகளின் மேல் பலகையைப் போட்டு, விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாள்கூட நழுவவில்லை. அவளை வீட்டுக்கு வரவழைக்க வாங்கிய ரம்பத்தால், அவள் அங்கேயே சௌகரியமாக இருக்க வழி செய்து கொடுத்துவிட்டேன். அவளுக்கு முகம் காட்டாமல் குனிந்து, தரையிலிருந்த மரத்தூளைக் கூட்ட ஆரம்பித்தேன்.