மூன்று பத்துக்கு நான் சொன்ன பாங்கு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். எல்லாம் பிழையாகத் தொடங்கிய நேரம் அதுதான். ஆஸ்பத்திரி விறாந்தையில் தொங்கிய மணிக்கூட்டைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஓடினேன். அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று சனிக்கிழமை. எனக்குப் பத்து வயது.

உள்ளே இரத்தம் கழுவும் மெஷினில் இருந்தவர் என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பத்து வருடம் கோல் காத்தவர். பெனால்டி அடிக்க வருகிறவனைப் பார்த்துச் சிரித்தே அவனைக் குழப்பிவிடுவார் என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். முப்பத்தாறு வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. முதலில் கண்டிக்குப் போய் வந்தார். பிறகு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே மெஷின்கள் வந்தன. பந்து பிடித்த இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, இரத்தம் எடுப்பதற்காக நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் பூனை உறுமுவதுபோல் கேட்கும். என் தம்பிமார் வரிசையில் நின்று கேட்பார்கள். மாமா அதற்கு டிக்கெட் கேட்பார்.

செவ்வாயும் சனியும் இரத்தம் கழுவும் நாள். டொக்டர் கிழமைக்கு மூன்று தரம் வரச் சொல்லியிருந்தார். கடையை யார் பார்ப்பது என்று சொல்லி மாமா அதை இரண்டாக்கிக்கொண்டார். ஒரு தரத்துக்கு நான்கு மணித்தியாலம். பன்னிரண்டே காலுக்கு ஏறினால் நாலே காலுக்கு இறங்க வேண்டும். இதிலும் மாமாவுக்கு ஒரு வழி கிடைத்தது. பிற்பகல் அஸர் தொழுகையைப் பள்ளியில் ஜமாஅத்தோடு சேர்ந்து தொழ வேண்டும், ஆகவே அஸர் பாங்கு சொன்னதும் இறக்கிவிட வேண்டும் என்றார். கதிரையில் இருந்தபடியே தொழலாம், நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்று பள்ளிவாசல் மௌலவி வீடு தேடி வந்து சொன்னார். மாமா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, சலுகையை மற்ற நோயாளிகளுக்கு விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு தரமும் மெஷின் பார்க்கும் தாதி மிஸ் ஒரு புத்தகத்தை நீட்டுவார். என் விருப்பத்தோடுதான் நேரத்துக்கு முன் இறங்குகிறேன் என்று மாமா கையெழுத்து வைப்பார். தொழுததும் நேரே கடைக்குப் போய்விடுவார்.

மெஷின் அறை குளிரூட்டிய அறை. கண்ணாடிக் கதவுகளை அடைத்துவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. மெஷின்களும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஆகவே பாங்கு கேட்பதற்கென்றே ஒரு ஆள் வெளியே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் மாமி, பாடசாலை இல்லாத சனிக்கிழமைகளில் நான். விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்து, பாங்கு காதில் விழுந்ததும் உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டத்தில் நான்கு பள்ளிகள். எது முதலில் சொன்னாலும் அதுதான் பாங்கு என்பது மாமாவின் சட்டம். பெரிய பள்ளிப் பாங்குதான் கணக்கு என்பது மிஸ்ஸின் சட்டம். மிஸ் வீரமுனையைச் சேர்ந்தவர், கோயிலுக்குப் போகிறவர். ஆனால் எந்தப் பள்ளி எத்தனை நிமிடம் முந்தும் பிந்தும் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு இறுதிப் போட்டி. எங்கள் கழகம் ஏழு வருடத்துக்குப் பிறகு இறுதிக்கு வந்திருந்தது. எதிரணி பாலமுனை. தொழுதுவிட்டு மாமாதான் என்னைக் கூட்டிப்போவார் என்று பேச்சு. அடுத்த வருடம் இவளை மைதானத்துக்கு விடமாட்டேன், வளர்ந்துவிட்டாள் என்று உம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு அது முதல் இறுதிப் போட்டி, கடைசியும் அதுதான். இரண்டரை மணியிலிருந்து வீதியில் மோட்டார் சைக்கிள்கள் பச்சைக் கொடியோடு பறந்தன. மூன்று மணிக்கு எங்கள் விளையாட்டுக்காரர்களை ஏற்றிய லொறி றபான் மேளம் தட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தது. லொறிக்குள் நின்ற என் பெரியம்மாவின் மகன் என்னைக் கண்டு, மைதானத்தில் இடமெல்லாம் நிறைந்துவிட்டது, இனி வந்தால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள் என்று கத்திவிட்டுப் போனான்.

பாங்குக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் என்பது பத்து வயதில் எவ்வளவு பெரியது என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் எழுந்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன், ஓடினேன்.

"பாங்கு சென்னிட்டாங்க மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார்.

"எந்தப் பள்ளி?"

"கடக்கரப் பள்ளி."

"கடற்கரைப் பள்ளியா? அது எப்பவும் கடைசியாத்தானே சொல்றது."

என் காது சுட்டது. மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "காத்து இண்டைக்கு அந்தப் பக்கத்தால அடிக்குது மிஸ். புள்ள பொய் செல்லாது."

மிஸ் புத்தகத்தை நீட்டினார். மாமா கையெழுத்து வைத்தார். குழாய்களில் நின்ற இரத்தம் மெதுவாக அவர் கைக்குள் திரும்பிப் போனது. ஊசி கழற்றிய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிக்கும் வேலை எனக்கு. என் கண் கதவிலேயே இருந்ததைப் பார்த்து, மெச்சுக்குப் பறக்குறாள் என்று மாமா மிஸ்ஸிடம் சொன்னார்.

ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது பெரிய பள்ளியில் பாங்கு ஒலித்தது. அது முடியுமுன் இன்னொன்று, பிறகு இன்னொன்று. வீதி முழுக்கப் பாங்கு. நான் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"இண்டைக்கு ரெண்டு தரம் செல்றாங்க போல," என்றார்.

வழியில் இருந்த பள்ளியில் இறங்கிக் கதிரையில் இருந்து தொழுதார். நான் ஓட்டோவுக்குள் இருந்து, அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும் என்றும், போட்டி இன்னும் தொடங்கியிருக்கக் கூடாது என்றும் கேட்டேன். இரண்டில் எதை முதலில் கேட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

போட்டி தொடங்கவில்லை. மாமாவைக் கண்டதும் சனம் விலகி வழிவிட்டது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். நான் அதன் கையில் ஏறி இருந்தேன். இரண்டாம் பாதியில் பாலமுனைக்காரர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எங்கள் கோல் கீப்பர் பொடியன் திரும்பி மாமாவைப் பார்த்தான். மாமா தன் பல்லைக் காட்டி, சிரி என்று சைகை செய்தார். அவனும் சிரித்தான். அடித்தவன் பந்தைக் கம்பத்துக்கு மேலால் கடலுக்கே அனுப்பினான். அந்த நேரம் நான் போட்ட சத்தத்தில் என் தொண்டை கட்டிப்போனது. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் அடித்து நாங்கள் வென்றோம். யாரோ மாமாவைக் கதிரையோடு தூக்கினார்கள். சர்பத் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டொக்டர் அளந்து கொடுத்திருந்தார். மாமா இரண்டு நாள் அளவை நின்ற நிலையில் குடித்து முடித்தார். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு கழகத்தில் சஹன் வைத்தார்கள். ஒரு தாலத்தைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒரே சோற்றில் கைவைத்துச் சாப்பிடுவது. ஆறு பேரின் கைக்குள் யார் எவ்வளவு உண்கிறார் என்று எந்த டொக்டராலும் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். தலையில் சீலையைச் சரியாகப் போடக்கூட இல்லை. மாமாவால் படுக்க முடியவில்லை, நிமிர்ந்து இருந்தால்தான் மூச்சு வருகிறது, இருமினால் நுரை வருகிறது என்றார். வாப்பா வேன் பிடித்தார். என்னை விட்டுப் போவதற்கு அவர்களுக்கு நேரமில்லாததால் நானும் ஏறிக்கொண்டேன்.

நெஞ்சில் தண்ணீர் நிறைந்துவிட்டது, மெஷினில் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அவசரப் பிரிவு டொக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள், முகத்தில் ஒட்சிசன் மாட்டினார்கள். ஆனால் ஞாயிறு என்பதால் மெஷின் அறை பூட்டிக் கிடந்தது. மெஷின் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லீவில் கொழும்புக்குப் போயிருந்தார். மற்றவர் எங்கள் மிஸ். வாப்பா வீரமுனைக்குப் போன் எடுத்தார். மிஸ் தன் தங்கையின் கல்யாணத்துக்குத் தம்பிலுவிலுக்குப் போயிருக்கிறார் என்று யாரோ வயதானவர் சொன்னார். தம்பிலுவிலில் எந்த வீடு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாண வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்து மிஸ்ஸை ஏற்றி வர வாப்பா அதே வேனில் ஓடினார்.

நான் அதே வாங்கில் இருந்தேன். மாமி கட்டிலடியில் நின்று ஓதிக்கொண்டிருந்தார். உம்மா மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மாமாவின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. நான்கு மணித்தியாலத்தில் இருபத்தைந்து நிமிடத்தை நான் எடுத்துவிட்டேன், அந்த இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்திருக்க வேண்டிய தண்ணீர்தான் இப்போது அவர் நெஞ்சில் நிற்கிறது. என் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. மாமா மௌத்தாகிவிட்டால் நான் எல்லோரிடமும் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் ஓடிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். ஓடுவதாக இருந்தால் எந்தப் பக்கம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

என் கணக்கு எங்கே பிழை என்று இப்போது தெரியும். ஒரு நாளைய இருபத்தைந்து நிமிடம் தனியாக ஒரு ஆளைச் சாய்ப்பதில்லை. கழுவ வேண்டியதைக் கிழமைக்குக் கிழமை பாதியில் விட்டால் நஞ்சும் தண்ணீரும் உடம்பில் தங்கி இதயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மாமா ஒரு வருடமாகவே ஒவ்வொரு தரமும் நாற்பது நிமிடத்தைக் கழித்துக்கொண்டு வந்தவர், அதுவும் கிழமைக்கு ஒரு நாளை முழுதாக விட்டுவிட்டு. படித்துத் தெரிந்துகொண்டேன், இரண்டு டொக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் மகனுக்கு இப்போது பத்து வயது. அவன் ஏதாவது வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்லி விளையாட ஓடும்போது, என்னை அறியாமல் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இரண்டு மணிக்குச் சற்று முன் வேன் வந்தது. பட்டுச் சீலை, தலை நிறையப் பூ, கழுத்தில் நகையோடு மிஸ் இறங்கி ஓடி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு பூட்டைத் திறந்தார். மாமாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அன்று மாமா நான்கு மணித்தியாலமும் அசையாமல் கிடந்தார். முதல் மணித்தியாலம் முடியும்போதே மூச்சு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நோன்புப் பெருநாள் எங்களோடு தொழுதார், கிழமைக்கு மூன்று தரம் ஏறி இறங்கினார். நான்காவது பெருநாளுக்கு அவர் இல்லை.

மாமாவின் நிறம் திரும்பிய பிறகு மிஸ் வெளியே வந்து என் பக்கத்தில் அந்த வாங்கில் இருந்தார். சீலையில் மருந்து பட்டிருந்தது. பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உம்மாவும் மாமியும் உள்ளே நின்றார்கள். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"மிஸ், நேத்து பாங்கு செல்லல்ல. நான்தான் பொய் சென்ன."

அவர் என்னை அடிப்பார் அல்லது உம்மாவைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும் மகள். மெஷின்ல நேரம் ஓடிக்கொண்டுதானே இருக்கும். நீங்க ஓடி வரக்குள்ள மூண்டு பத்து. உங்கட மாமாவுக்கும் தெரியும்."

எனக்கு உடம்பு அப்படியே லேசாகிவிட்டது. தப்பிவிட்டேன் என்பது மட்டும்தான் விளங்கியது. உடனே பசித்தது. வாப்பாவிடம் சொல்லி வடை வாங்கலாம் என்று எழுந்தும்விட்டேன். ஒரு பெரிய ஆள், அதுவும் வெள்ளை உடுப்புப் போட்டு எல்லோரையும் அதட்டுகிற ஒருவர், பத்து வயதுப் பிள்ளையிடம் ஏன் இதைச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்ததை, கல்யாண வீட்டு மை கரைகிறது என்று எடுத்துக்கொண்டேன். நான் இரண்டு எட்டு வைத்த பிறகு, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு மிஸ் சொன்னார்:

"எனக்கும் நேத்து கல்யாண வீட்டுக்கு வெள்ளெனப் போக வேணும் எண்டு இருந்திச்சு மகள்."