எட்டுக் காலா, பதினெட்டுக் காலா

எந்தச் சிப்பை வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்த ஆள் நான். தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலையில் ஒரு வாடகை அறையில், நானும் கூடப் படித்த கூட்டாளியும் ஒயர் இல்லாத அழைப்புமணி செய்துகொண்டிருந்தோம். படுக்கையில் இருப்பவர் கையில் ஒரு பொத்தான், பார்த்துக்கொள்பவர் இடுப்பில் ஒரு சின்ன மணிப்பெட்டி. அடுத்த மாடலுக்கு இரண்டிலும் மைக்ரோகண்ட்ரோலர் என்கிற சின்னக் கணினிச் சிப் வைக்க வேண்டும். எட்டு உலோகக் கால் உள்ள சிப் பழைய பெட்டிக்குள் அடங்கும். பதினெட்டுக் கால் அடங்காது. எதை வாங்கினாலும் அதற்குள் புரோகிராமை ஒரே தடவைதான் எழுத முடியும். பிழை வந்தால் அத்தனையும் குப்பை. கூட்டாளி எட்டுக் காலில் உறுதியாக நின்றான். எனக்கு எதிலுமே உறுதி கிடையாது.

புதிய மாடலுக்குக் காரணம் பொழியூரில் மீன் விற்கும் ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்காரர் கடலில் வள்ளம் கவிழ்ந்து இடுப்பொடிந்து படுத்திருந்தார். ஒருநாள் அக்கா, நாங்கள் விற்ற பழைய மணிப்பெட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். உள்ளே பேட்டரி செத்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை. அங்கே வீட்டுக்காரர் காலையிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

"நான் கேட்டுட்டும் வரல்லண்ணு நெனச்சாரு சாறே. ரெண்டு நாளா எங்கிட்ட மிண்டல்ல, ஒரு வார்த்தை பேசல்ல" என்றார். மெஷினைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

அதனால்தான் பதில் சொல்லும் மணி. அழுத்தியதும் மணி அடித்துவிட்டது என்று பெட்டி திருப்பிச் சொல்லும், பொத்தானில் பச்சை விளக்கு எரியும். எரியாவிட்டால் பெட்டி செத்தது, மனைவிமேல் குற்றமில்லை. எட்டுக் காலில் இரண்டு மின்சாரத்துக்கு, மீதி ஆறும் இந்த வேலைக்குக் கச்சிதம் என்று கூட்டாளி விரல்விட்டுக் காட்டினான். எட்டுக் கால் சிப் இரண்டை மட்டும் வாங்கி மாதிரி ஒன்று செய்து, பொழியூரில் சோதிக்க நான் போனேன். அவன் பாறசாலை எஸ்.டி.டி. பூத்தில் இருப்பான். ஐந்து மணிக்குள் நான் போன் செய்து மறுக்காவிட்டால் எட்டுக் காலுக்கு மொத்த ஆர்டர் சொல்லிவிடுவான்.

பொத்தானை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் கழித்து அழுத்தச் சொல்லிவிட்டு அக்காவோடு கடற்கரைக்குப் போனேன். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் அக்காவின் இடுப்பில் மணி அடித்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் கண்ணை ஏலக்காரன்மேலிருந்து எடுக்காமலே, வீடு இருக்கும் திசைக்கு முகத்தை மட்டும் திருப்பி, "வாறேன்... வாறேன்" என்று கத்தினார். வீடு தென்னைகளுக்கு அப்பால் எங்கேயோ இருந்தது. அந்தக் காற்றில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"இப்போ அங்க பச்சை எரிஞ்சிருக்கும் அக்கா. நீங்க கேட்டது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன், பெருமையாக.

அவர் கூடையை இறக்கினார். "கேட்டேண்ணு தெரியுமா?"

"தெரியும்."

"நான் இப்போ எப்படி சாறே போவேன்? ஏலம் முடியாண்டாமா? பழசுல, கேக்கல்லண்ணாவது சொல்லலாம். இதுல அதும் இல்ல இல்லியா?"

மூன்று வாரம் கால்களை எண்ணினோமே தவிர, இந்த ஒன்றை நாங்கள் இரண்டு பேரும் நினைத்துப் பார்க்கவே இல்லை. அக்கா சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் பொத்தானை நெஞ்சில் வைத்துக்கொண்டு பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கா. வரல்ல பாத்தீரா?" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். திரும்பவே இல்லை.

ஐந்து மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. போன் செய்யக் கடைத்தெருவுக்கு ஓடினேன். முதல் கடையில் போன் செத்துக்கிடந்தது. இரண்டாவது கடையில் லைன் கிடைத்தது, ஆனால் ஒரே இரைச்சல்.

"எலே, எட்டுக் காலு வேண்டாம். பதினெட்டு சொல்லு."

"பெட்டிக்குள்ள கொள்ளாதுலே."

"பெட்டிய மாத்துவோம். அக்கா பெட்டியில ஒரு பொத்தான் வைக்கணும், அவரு பொத்தானுல இன்னொரு விளக்கு வைக்கணும். அதுக்கு காலு வேணும்."

"அந்த விளக்கு என்னத்துக்கு?"

"அவங்க வாறேன்னு சொல்லதுக்காக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "கேக்குதா? எலே, கேக்குதா?" என்று கத்தினேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவன் வைத்துவிட்டானா, கோபமா, லைன் போயிற்றா, எதுவும் தெரியவில்லை. திரும்பக் கத்தினேன்.

"கேக்குது மக்கா" என்றான் கடைசியில். "பதினெட்டே சொல்லுகேன். நீ வா."

"வாறேன்" என்றேன். ஆனால் பஸ் ஏறாமல் முதலில் அந்த வீட்டுக்குப் போய், இரண்டாவது விளக்கு வரும்வரை இது வேண்டாம் என்று, எரியும் பச்சை விளக்கைப் பொத்தானிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன்.