சந்தேகப்பட்டவர் சொன்ன சாட்சி

நான்கு வருடங்களுக்கு முன், ஓசூர் நீதிமன்றத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வயதில் மற்றவர்கள் பிள்ளையின் காலேஜ் அட்மிஷனுக்கு அலைவார்கள். நான் எனக்கே பெயர் வைக்க அலைந்துகொண்டிருந்தேன். பிறந்தபோது பெண் என்று பதிவானவன் நான். சிகிச்சைக்குப் பிறகு மீசை வந்துவிட்டது. ஆனால் பள்ளிச் சான்றிதழிலிருந்து பி.எஃப். வரை ஒரு பெண்தான் இருந்தாள். இருவரும் ஒரே ஆள் என்று கோர்ட் உத்தரவு வந்தால்தான் வேலையில் தொடரலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஜூஜுவாடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கி வாங்கி, அந்த வியாதி என்னோடு வீட்டுக்கும் வர ஆரம்பித்திருந்தது. அன்று கோர்ட்டுக்கும் வந்தது. வராந்தாவில் பேப்பர் படித்தவர்கூட என்னைப் பார்க்கத்தான் பேப்பரை விரித்திருக்கிறார் என்று தோன்றியது.

எனக்குச் சாட்சி, பதினைந்து வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பன். "உனக்கு நான் இருக்கேன்டா" என்று முதலில் 'டா' போட்டவன் அவன்தான். பத்து மணிக்கு அவனிடமிருந்து மெசேஜ் வந்தது: மத்தூரில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. முந்தின நாள்தான் அந்த மாமனார் ஒரு கல்யாணத்தில் குத்தாட்டம் போட்ட வீடியோவை இவனே அனுப்பியிருந்தான்.

அடுத்த நிமிடம் எங்கள் கம்பெனி வாட்ச்மேன் கையில் ஒரு தடித்த நோட்டோடு படியேறி வந்தார். என்னைக் கண்டாலே ஆகாதவர் என்று நான் முடிவுகட்டியிருந்த மனிதர். எல்லோரையும் தலையசைத்து உள்ளே விடுவார். என்னை மட்டும் நிறுத்தி "கார்டு" என்பார். சாரும் கிடையாது, மேடமும் கிடையாது. கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கேட் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, தன் நோட்டில் ஏதோ எழுதிய பிறகுதான் விடுவார். என் கேஸைக் கெடுக்கத்தான் கம்பெனி இவரை அனுப்பியிருக்கிறது என்று என் வக்கீல் அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன். "ரெக்கார்டு கேட்டு சம்மன் போட்டது நான்தான் சார், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அவர்.

டவாலி என் பழைய பெயரைச் சொல்லி, 'என்கிற' போட்டுப் புதுப் பெயரையும் கூப்பிட்டார். ரவுடிகளுக்குத்தான் 'என்கிற' போடுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். வாட்ச்மேன் கூண்டில் ஏறினார். வக்கீல் அம்மா நோட்டைப் புரட்டி வாசித்தார். "போட்டோ ஒத்துப்போகவில்லை. மச்சம், கையெழுத்து பார்த்தேன். அதே ஆள்." கீழே அவர் கையெழுத்து. மறுநாளும் அதே. இரண்டு வருடம், லீவு நாள் போக, தினமும்.

"எதுக்கு இதையெல்லாம் எழுதினீங்க?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"டவுட்டுதாம்மா. ஜடை போட்ட போட்டோவ காட்டிட்டு மீசையோட உள்ள போறாரு. நாளைக்கு ஏதாச்சும் காணாமப் போனா என்னத்தானே புடிப்பாங்க?"

அரசு வக்கீல் சட்டென்று எழுந்தார். "அப்போ ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு எப்படிய்யா சொல்றே?"

"தெனமும் பாத்துக்கினே இருந்தேனே சார். மொதல்ல முடி போச்சு. அப்பறம் தொண்ட கட்டுச்சு, சளின்னு நெனச்சேன். அப்பறம் மீசை. கழுத்துல மச்சம் அங்கியேதான் இருக்குது. நடுவுல ஆளு மாறியிருந்தா மத்தவங்களுக்குத் தெரியாமப் போவும் சார், எனக்குத் தெரியாமப் போவுமா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அரசு வக்கீல் வேறு கேள்வியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் உத்தரவு என் கைக்கு வந்தது.

சாட்சி சொன்ன அன்று வெளியே வந்ததும் வாட்ச்மேன் கையைப் பிடித்தேன். அவர் மெதுவாகக் கையை உருவிக்கொண்டார். "நன்றியெல்லாம் இருக்கட்டும் சார். புதுக் கார்டு எப்ப வரும்? எழுதி எழுதி கை நோவுது."

என்னை நம்புவதாகச் சொன்னவர்களுக்கெல்லாம் நான் நன்றியுள்ளவன்தான். ஆனால் என் முகம் மாறிய அந்த இரண்டு வருடங்களை நாள் தவறாமல் கூட இருந்து பார்த்தது யார் என்று யோசித்தால், என்னைச் சந்தேகப்பட்ட அந்த ஒருவர்தான் இன்றும் நினைவுக்கு வருகிறார். நானே கண்ணாடியை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.