மன்னிப்புக் கேட்கும் கிராணி

தோட்ட ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணியின் மீசையை வரைய எனக்குப் புகைப்படம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணை மூடினாலே போதும். மேலுதட்டுக்கு மேல் ஒழுங்காகக் கத்தரித்த கறுப்புப் பட்டை; பேசும்போது அதன் இடது முனை மட்டும் ஏறி இறங்கும். கம்ப்யூட்டர் திரையில் அதைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தபோது, இந்த வேலைக்காகத்தான் வரையவே கற்றுக்கொண்டேனோ என்று தோன்றியது.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால் வெட்டுபவர். ஒரு நாள் விடியும்போது தம்பிக்குக் காய்ச்சல் முற்றிக் கழுத்து விறைத்துவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா தோட்ட ஆபீசுக்கு ஓட, நான் பின்னால் ஓடினேன். தோட்டத்து லாரி கிடைத்தால் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அந்த அவசரத்தில் அம்மா முன்வாசல் வழியாக ஏறிவிட்டார். அது தொழிலாளர்கள் ஏறக்கூடாத வாசல்.

"இது என்னா ஒன் ஊட்டு வாசலா? எறங்கு கீழ" என்றார் பெரிய கிராணி.

"புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுங்க கிராணி. லாரிய மட்டும் கொஞ்சம்..."

"மொதல்ல செஞ்சது தப்புன்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்த ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அம்மா சொன்னார். காதில் விழவில்லை என்றார் கிராணி. அம்மா மறுபடி சொன்னார், குரல் உடைய உடையச் சொன்னார். கிராணி பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குள் லாரி புறப்பட்டுப் போய்விட்டது. நடந்து, பஸ் பிடித்து ஆஸ்பத்திரியை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான். இரண்டு காதும் போய்விட்டன. முன்னாடியே வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று அம்மா கேட்டதற்கு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்தக் கேள்வியை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் சிரம்பானில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். திரையில் தோன்றும் படங்களை வரைவது என் பொறுப்பு. கிளினிக் எந்த நாள், லீவு எத்தனை மிச்சம் என்பதையெல்லாம் தொழிலாளர்களே கேட்டுத் தெரிந்துகொள்ள, ஆபீஸ் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் விரும்பியது. பெட்டியைக் கண்டு யாரும் மிரளக் கூடாது. ஆகவே திரையில் ஒரு மனித உருவம் அசைந்து பேச வேண்டும். "ஆளுங்க தப்பா அமுக்கினாலும் அவங்களக் குத்தம் சொல்லக் கூடாது. பழிய அந்த உருவந்தான் ஏத்துக்கணும்" என்றார் என் முதலாளி. பயன்படுத்துபவர் மனம் சுருங்கக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன விதி அது. முதல் பெட்டி போகப்போவது எங்கள் தோட்டத்துக்கு என்று தெரிந்தபோது, யாருடைய முகத்தை வரையப் போகிறேன் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிரம்பானுக்குப் பக்கத்து ஊரான ராசாவில் மேடை நாடகம் போடும் ஒருவரைப் பிடித்துக் குரல் பதிந்தேன். தம்பிக்காக, பேசும் ஒவ்வொரு வார்த்தையும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் எழுத்தாகவும் தெரியும்படி செய்தேன்.

திறப்பு நாளில் முன்னறை நிறைந்திருந்தது. அம்மா முன்வாசல் வழியாகவே வந்தார். பெரிய கிராணி, தலை நரைத்து, மீசைக்கு மட்டும் மை பூசி, மானேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்யும் தம்பியை முதலில் உட்கார வைத்தேன். திரையில் கிராணி நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க, ஒக்காருங்க" என்று கைகூப்பினார். தம்பி வேண்டுமென்றே தவறான பொத்தானை அமுக்கினான். திரைக் கிராணி குனிந்தார். "தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சிருங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "கிராணி, அப்படியே ஒங்க மூஞ்சிதான்லா! நல்ல மரியாதையான ஆளு" என்று மானேஜரும் சிரித்தார். கிராணியும் சிரிக்க வேண்டியதாயிற்று. அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. கிராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் கலைந்தபின் கிராணி என்னிடம் வந்தார்.

"நான் எப்பம்மா இப்படிப் பேசியிருக்கேன்?"

"பேசுனதே இல்லீங்க கிராணி. அதுக்குத்தான் பேச வச்சேன்."

"மாத்திரும்மா. வேலைய விடுற வரைக்கும் நான் இதுக்குப் பக்கத்துலதானே ஒக்காரணும்."

"மானேஜர்கிட்டச் சொல்லுங்க, எங்கம்மாவ அன்னைக்கு இங்க என்ன சொல்ல வச்சீங்கன்னு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. மாத்திர்றேன்."

அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெறும் வரை அவருக்கு இரண்டடி தள்ளி அவர் முகம் வந்தவர் போனவருக்கெல்லாம் குனிந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் விளையாட்டுக்கே தப்பாக அமுக்கினார்கள்.

அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வயதான ஆளை அப்படி வாட்டியிருக்க வேண்டுமா என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் கேட்கிறார்கள். அந்த நாட்களில் என் தம்பி தினமும் பட்டறைக்குப் போகும் வழியில் அந்த முன்னறைக்குள் நுழைவான். தவறான பொத்தானை அமுக்குவான். வட்டத்துக்குள் எழுத்து தெரியும்வரை காத்திருந்து, நிதானமாகப் படித்துவிட்டு வேலைக்குப் போவான். ஒரு நாள்கூட நான் அவனைத் தடுத்ததில்லை.