இருபது டெனியர் பாய்

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் நெசவுத் தெருப் பெண்கள் திருவண்ணாமலைக்கு நடந்தே போவார்கள். நாலு நாள் நடை. போன வருஷம் செய்யாற்றில், பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுத்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். இந்த வருஷமும் அப்படி ஆனால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்று உள்ளுக்குள் பயம். யாரிடமும் சொல்லவில்லை.

தடித்த ஃபோம் பாய் ஒன்று வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தேன். கல்லோ முள்ளோ அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் ஊர்ச் சர்வதீர்த்தக் குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் தோள் விட்டுப்போனது.

மருமகள் அதைக் கவனித்திருக்கிறாள். மலையேறுகிறவர்கள் படுக்கிற காற்றுப் பாயைப் போனில் பார்த்து வரவழைத்தாள். சுருட்டினால் ஒரு சொம்பு அளவு. பட்டுச் சேலையைவிட எடை குறைவு. சந்தோஷமாக இருந்தது. ஆனால் விரலில் நெருடிப் பார்த்தால் துணி இருக்கிறதா என்றே சந்தேகம். ஓரத்தில் '20டி' என்று இருந்ததைக் கேட்டேன்.

"டெனியர், அத்தை. இழையோட கனம். நம்ம நூலுக்குச் சொல்றதுதான்."

கச்சாப் பட்டின் ஒற்றை இழை அவ்வளவுதான் இருக்கும். நாலைந்தைச் சேர்த்து முறுக்காமல் அதை நாங்கள் தறியில் ஏற்றுவதில்லை. இது சரளைக்கல்லை எப்படித் தாங்கும்? மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், பழைய பருத்திச் சேலையின் கரையைக் கிழித்து, பாயின் விளிம்பில் வைத்துத் தைத்தேன். கரை கெட்டியாக இருந்தால் துணி நிற்கும் என்பது கையோடு வந்த பழக்கம். நாலு விரல் அளவு தைத்த பிறகுதான், ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டை என்பது உறைத்தது. ஊதிப் பார்த்தேன். புஸ்ஸென்று படுத்துவிட்டது.

அவள் வந்தபோது பாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையலைப் பார்த்தாள்.

"இன்னா அத்தை, காத்துக்குக் கரை கட்டிக்கினு இருந்தீங்களா?"

தையலைப் பிரித்து, பாயை ஊதித் தண்ணீரில் அமுக்கினாள். குமிழி வந்த இடங்களை நான் காட்டினேன். இழை அறுந்த இடம் தேடிப் பழகிய கண். பாயோடு வந்த ஒட்டுத் துண்டுகளை அவள் வரிசையாக ஒட்டினாள். காலையில் பார்த்தபோது காற்று இறங்கவில்லை.

"அடியில விரிக்க ஒரு பழைய சேலை எடுத்துக்கட்டுமா? கனம் ஏறும்" என்று தயங்கிக் கேட்டேன்.

"மாத்துச் சேலைல ஒண்ணைக் கொறைச்சுக்கோங்க, சரியாப் போவும்."

செய்யாற்றில் அதே பள்ளிக்கூடம், அதே தரை. சேலையை விரித்து, அதன்மேல் பாயைப் போட்டுப் படுத்தேன். விடிந்ததும் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பாயின் காற்றை இறக்கிவிட்டுச் சுருட்டத் தொடங்கினேன்.